கல்லில் வைத்த பிடிச்சோறு

ஞானேந்திரன் என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது தொண்ணூற்றோராம் ஆண்டு மாசி மாதம், ரெலிபோனில். மொன்றியலில், கோட்-டெ-நெய்ஜ் பகுதியில், இரண்டு அறை வீடொன்றில் நாங்கள் ஏழு பேர் இருந்த காலம். மணி அடித்தது, எடுத்தேன். ஒரு பெண் முதலில் பிரெஞ்சிலும் பிறகு ஆங்கிலத்திலும் ஏதோ சொன்னாள். எனக்குப் பிடிபட்டது இவ்வளவுதான்: நைரோபியிலிருந்து ஞானேந்திரன் என்று ஒருவர் கூப்பிடுகிறார், அந்த அழைப்புக்கு நீங்கள் காசு கட்டுவீர்களா. அந்தப் பெயரில் எங்களுக்கு ஒருவரும் இல்லை. "நோ, மெர்சி" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

இரண்டு கிழமை கழித்து ஊரிலிருந்து இலட்சுமிப்பிள்ளை அக்காவின் கடிதம் வந்தது. அவள் என் பெரியையாவின் இரண்டாவது மகள். ஐந்து பிள்ளைகள் அவளுக்கு. கடைசிப் பொடியனை ஊர் முழுக்க ராசு என்றுதான் கூப்பிடும். முறைக்கு எனக்குப் பெறாமகன், நான் அவனுக்குச் சின்னம்மா. ராசு கனடாவுக்கென்று வெளிக்கிட்டு நைரோபியில் நிற்கிறான், கூட்டிக்கொண்டு போன ஏஜென்ற் ஆளைக் காணவில்லை, உன்னுடைய நம்பரைக் கொடுத்திருக்கிறேன், எடுத்தால் ஆறுதலாகக் கதை என்று அக்கா எழுதியிருந்தாள். கடைசி வரியில் அவனுடைய பள்ளிக்கூடப் பெயரையும் எழுதியிருந்தாள்: ஞானேந்திரன். கடிதத்தை மடித்துச் சாமிப்படத்துக்குப் பின்னால் வைத்தேன். அவன் திரும்ப எடுக்கவில்லை.

அவன் மொன்றியலுக்கு வந்து சேர்ந்தது அடுத்த வருடம் ஐப்பசியில். கன்னம் ஒட்டி, கண் மஞ்சளித்துப்போய் இருந்தான். இருபது மாதம் நைரோபியில் ஒரு மாடிக் கட்டடத்தில், ஒரே அறையில் பதினொரு பேர். பாஸ்போட்டுகளை வாங்கிக்கொண்டு போன ஏஜென்ற் வரவேயில்லை. அந்தக் கட்டடத்து வாசலில் காவல் நின்றவன் லெமையன் என்று ஒரு பொடியன், மாடு மேய்க்கிற மசாய் இனம். சிவப்புப் போர்வை, கையில் ஒரு தடி. பொலிஸ் தெருவுக்குள் வந்தால் தடியால் தண்ணீர்க் குழாயில் மூன்று தட்டுத் தட்டுவான். இவர்கள் பின்படியால் இறங்கிவிடுவார்கள். மலேரியா பிடித்து ராசு நினைவில்லாமல் கிடந்தபோது அவனை முதுகில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனவனும் அவன்தான். மற்றப் பத்துப் பேரும் பொலிசுக்குப் பயந்து அறையை விட்டு அசையவில்லையாம்.

இதையெல்லாம் என்னுடைய குசினியில் இருந்து சொன்னான். ரெலிபோன் கதையை அவன் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. இன்றைக்கும் எடுக்கவில்லை.

பிறகு அவனுக்கு ஆஸ்பத்திரியில் நோயாளிகளைத் தள்ளிக்கொண்டு போகிற வேலை கிடைத்தது. கஜந்தியைக் கட்டினான். அவள் திருகோணமலைப் பக்கத்துப் பிள்ளை. வாய் கொஞ்சம் நீளம், மனம் வெள்ளை. நிரோஜா என்று ஒரு மகள். வேலை, வீடு, கோயில், பனி தள்ளுவது என்று இருபது வருடம் போனது. ஒரு சித்திரை மாதம் லீவு போட்டுவிட்டு நைரோபிக்கு வெளிக்கிட்டான். லெமையனைத் தேடப் போகிறானாம். கஜந்தி என்னிடம் வந்து, "சின்னம்மா, இவருக்கு அங்க ஒரு குடும்பம் இருக்குப்போல" என்றாள். பகிடியாகத்தான் சொன்னாள். ஆனால் இரண்டு கிழமையும் அவள் சரியாக நித்திரை கொள்ளவில்லை.

தேடிக் கண்டுபிடித்துவிட்டான். லெமையன் காவல் வேலையை விட்டு ஊருக்குப் போய்விட்டிருந்தான். அந்த ஊரின் பெயரை எழுதவேண்டாம் என்று ராசு கேட்டிருக்கிறான், அதனால் எழுதவில்லை. அங்கே குடும்பங்கள் தங்கள் காணிகளை ஒன்றாகச் சேர்த்து வேலியில்லாமல் விட்டிருந்தார்கள். மாடுகள் முறை வைத்து மேயும். மிச்சமெல்லாம் காட்டு மிருகங்களுக்கு. நடுவில் எட்டுக் கூடாரம் வைத்த ஒரு விடுதி, ஊருக்கே சொந்தம். சமைப்பவர், வாகனம் ஓட்டுபவர், ஈட்டியோடு காவல் நிற்பவர் எல்லோரும் அந்த ஊர்ச் சனம். வருகிறவர்கள் கொடுப்பதில் பள்ளிக்கூடம் நடக்கிறது, காணி வைத்திருக்கிற குடும்பங்களுக்குப் பங்கு போகிறது. அதற்குப் பதிலாக ஒருவரும் வேலி அடிப்பதில்லை, காணியைத் துண்டு போட்டு விற்பதில்லை, மாட்டைப் பிடித்த சிங்கத்தைக் குத்துவதில்லை. முதலில் சேர மறுத்தவர்களின் குடிசைக்குக் குடிசை போய்க் கதைத்து, தன் காணியை முதல் காணியாகக் கொடுத்தவன் லெமையன். ஆனால் விடுதிக்கு ஆட்கள் வரவில்லை. நாலு கூடாரம் வெறுமையாகக் கிடந்தது.

"ஆக்களை நான் கொண்டுவாறன்" என்று ராசு அவனுக்குச் சொல்லிவிட்டு வந்தான்.

அப்படித்தான் ஒவ்வொரு ஆவணியும் மொன்றியலிலிருந்து தமிழ்ச் சனம் மசாய் நாட்டுக்குப் போகத் தொடங்கியது. முதல் வருடம் ஆறு பேர். பிறகு பதினாலு. பிறகு இரண்டு குழு. கோயிலின் கீழ் மண்டபத்தில் வைகாசியில் ஒரு கூட்டம் வைப்பான். ஒரு தாளில் எழுதி வைத்த விதிகளை நின்றுகொண்டு வாசிப்பான். கேளாமல் ஒருவரையும் படம் எடுக்கக்கூடாது. பெரியவர்களிடம் பிள்ளைகள் தலை குனிந்து வந்தால் உச்சியில் கை வைக்கவேண்டும்; அது அவர்களுடைய வணக்கம். ஆடச் சொல்லிக் கேட்கக்கூடாது. கலியாணமோ சடங்கோ நடந்தால் அவர்களே கூப்பிடுவார்கள். இருட்டினால் காவல்காரர் இல்லாமல் கூடாரத்தை விட்டு வெளிக்கிடக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, சாப்பாட்டை வெளியே வைக்கக்கூடாது. ஒரு பிஸ்கற் துண்டுகூட. இதை மட்டும் இரண்டு தரம் வாசிப்பான்.

பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற பேரின்பநாதன் எல்லாக் கூட்டத்திலும் முன்வரிசையில் இருப்பார். "தம்பி, காம்பிலயிருந்து தப்பி ஓடி வந்த சனத்தைத் திரும்பவும் காம்புக்குத்தானே கூட்டிக்கொண்டு போறாய்" என்பார். சிங்கம் பிடிக்காதோ என்று ஒரு மனுசி கேட்டால், "நாங்கள் தின்னுற மிளகாய்த்தூளுக்குச் சிங்கம் கிட்ட வராது, பயப்பிடாதை பிள்ளை" என்பார். மண்டபமே சிரிக்கும். ராசு மட்டும் சிரிக்கமாட்டான். "அண்ணை, அவையளின்ர சீவியம் இது. எங்கட ஆக்களால ஒரு பிழை வந்துதெண்டால் லெமையன்ர தலைதான் உருளும்" என்பான்.

இருபத்திரண்டாம் ஆண்டு தையில் இலட்சுமிப்பிள்ளை அக்கா ஊரில் செத்துப்போனாள். நோய்த்தொற்றுக் காலம், ஆஸ்பத்திரியில் ஆள் இல்லை, லீவு கொடுக்கவில்லை. கடைசிப் பொடியன் கொள்ளிக்குப் போகவில்லை. செத்தவீட்டை அவன் தன்னுடைய போனில்தான் பார்த்தான்.

அதன்பிறகு அவன் சாப்பிட முன் ஒரு பிடி சோறு எடுத்துக் காகத்துக்கு வைக்கத் தொடங்கினான். எங்களுடைய சனம் செய்கிறதுதானே. செத்தவர்கள் காகமாக வந்து தின்பார்கள், தின்றால் மனம் ஆறியிருக்கிறார்கள் என்று அர்த்தம். கோட்-டெ-நெய்ஜ் வீட்டின் பல்கனியில், பனிக்கு மேலே, ஒரு சின்ன அலுமினியத் தட்டில் வைப்பான். புறா வந்தது. அணில் வந்தது. கட்டடத்தைப் பராமரிக்கிறவன் கதவில் பிரெஞ்சில் ஒரு எச்சரிக்கைக் கடிதம் ஒட்டினான். காகம் மட்டும் வரவில்லை. எதிரேயிருந்த மரத்தில் வந்து இருக்கும், பார்க்கும், பறந்துவிடும். ஆறு மாதம் அப்படி.

"அம்மாவுக்கு என்னில கோவம், சின்னம்மா" என்றான் என்னிடம். ஐம்பத்தைந்து வயது ஆம்பிளை, சின்னப்பிள்ளைபோல நின்றான். அதெல்லாம் ஒன்றுமில்லை, இந்த ஊர்க் காகத்துக்குச் சோறு பழக்கமில்லை என்று சொல்லி அனுப்பினேன்.

அந்த ஆவணி அவன் மசாய் நாட்டுக்குப் போனபோது நடந்ததை நான் பிறகுதான் அறிந்தேன். விடுதியின் குசினிக்குப் பின்னால் ஒரு தட்டைக் கல் இருந்தது. முதல் நாள் மத்தியானம் சாப்பிட முன் கை தன்பாட்டில் ஒரு பிடி எடுத்தது. கொண்டுபோய் அந்தக் கல்லில் வைத்தான். திரும்பி நடக்க முன்பே ஒரு காகம் வந்து இறங்கியது. அந்த நாட்டுக் காகத்துக்கு நெஞ்சு வெள்ளை. வெள்ளைச் சட்டை போட்ட மாதிரி. ஒரு பருக்கையும் மிச்சம் விடாமல் தின்றது. ராசு கல்லுக்குப் பக்கத்தில் குந்தி இருந்து அழுதானாம்.

சாப்பாட்டை வெளியே வைக்கக்கூடாது என்று மண்டபத்தில் இரண்டு தரம் வாசிக்கிற அதே ஆள்தான். ஆனால் அவனுடைய மனதில் அது சாப்பாடு இல்லை. படையல். கோயிலில் வைப்பதை யாராவது சாப்பாடு என்று சொல்வார்களா? நாலு கிழமையும் வைத்தான். திரும்பி வரும்போது குசினியில் சமைக்கிற நாசெரியன் என்ற மனுசியிடம், தாய்க்கு வைக்கிறது, ஒவ்வொரு நாளும் ஒரு பிடி வை, ஒருவருக்கும் சொல்லாதே என்று கேட்டுக்கொண்டான். அவள் மூன்று பிள்ளைகளோடு தனித்து நிற்கிற பெண். தாய்க்கென்று ஒரு ஆள் கேட்டால் மறுப்பாளா? வைத்தாள். ஒரு வருடம், ஒரு நாள் விடாமல்.

அடுத்த ஆவணிக்கு நானும் போனேன். எழுபத்துநாலு வயதில் உனக்கென்ன சிங்கம் என்று என் மகன் சிரித்தான். பிறகு அவனே ரிக்கற் போட்டான். நாங்கள் ஒன்பது பேர். பேரின்பநாதனும் கஜந்தியும் வந்தார்கள்.

போய் இறங்கிய அன்றைக்கே லெமையனைக் கண்டேன். நெடிய ஆள், நரைத்துவிட்டான், காதுச்சோணை தோளுக்குத் தொங்குகிறது. என்னைப் பார்த்ததும் ராசுவிடம் ஏதோ கேட்டான். தாயின் தங்கை முறை என்று ராசு சொல்ல, அவன் எனக்கு முன்னால் வந்து தலையைக் குனிந்தான். நான் உச்சியில் கை வைத்தேன். வெயிலில் நின்ற தலை, சுட்டது.

அந்த வருடம் ஐப்பசியில் காணிக்காரக் குடும்பங்கள் எல்லாம் திரும்பவும் ஒப்பந்தத்தில் கைநாட்டு வைக்கவேண்டும் என்று ராசு வாகனத்தில் வரும்போது சொல்லியிருந்தான். சிலர் மாட்டேன் என்கிறார்களாம். பக்கத்து ஊரில் காணியைத் துண்டு போட்டு, கம்பி வேலி அடித்து விற்கிறார்களாம். பாதிப் பேர் கைநாட்டு வைக்காவிட்டால் விடுதி இல்லை, திறந்த வெளி இல்லை, மிருகம் போக வழியில்லை. லெமையன் முப்பது வருடமாகக் கட்டியது ஒரு மழைக்காலத்துக்குள் போய்விடும். "இந்த முறை ஒண்டும் பிழைச்சுப்போகக்கூடாது சின்னம்மா" என்று ராசு இரண்டு தரம் சொன்னான்.

மத்தியானம் குசினிக்குப் பின்னால் கை கழுவப் போனேன். கல்லில் சோறும் பருப்பும் இருந்தது. எனக்கு விளங்கிவிட்டது. அக்காவுக்கு என்று நினைத்தபோது நெஞ்சு நிறைந்தது. விதி ஞாபகம் வந்தது, பொய் சொல்லக்கூடாது. ஒரு பிடி சோறுதானே என்று விட்டுவிட்டேன்.

காகங்கள் இருபதுக்கு மேலே இருந்தன. அவற்றுக்குப் பின்னால் குரங்குகள். பபூன் என்கிறார்கள், நாயளவு உடம்பு, நாய்போலவே நீட்டிய முகம். குசினிக் கூரையில் வரிசையாக இருந்து எங்களுடைய கையைப் பார்த்துக்கொண்டிருந்தன. பேரின்பநாதன் தொப்பியைப் பறிகொடுத்தார். "மொன்றியல் பஸ்ஸில பள்ளிக்கூடப் பெடியளைச் சமாளிச்சனான், இதுகளைச் சமாளிக்க ஏலாமல் கிடக்கு" என்றார். சிரித்தோம். லெமையன் சிரிக்கவில்லை. அவன் தடியை ஊன்றிக்கொண்டு கூரையைப் பார்த்தபடி கனநேரம் நின்றான். போன வருடம் வரைக்கும் இவை ஆற்றங்கரையில்தான் இருந்தன, எதற்கு இங்கே வந்தன என்று ராசுவைக் கேட்டான். ராசு தெரியாது என்றான்.

பொய்யென்றால் அதுதான் அவன் சொன்ன முதல் பொய். அவனுக்கு அப்போது உண்மையிலேயே தெரியாதா, தெரியாததுபோல இருந்தானா என்று எனக்குச் சொல்லமுடியாது.

மூன்றாம் நாள் பொழுதுபடும்போது, ஆற்றுப் பக்கமாக ஒரு சத்தம் கேட்டது. யாரோ பல் வைத்த பெரிய வாளால் மரம் அறுப்பதுபோல. இழுத்து இழுத்து, நின்று, திரும்பவும். இந்த நேரத்தில் யார் மரம் அறுக்கிறார்கள் என்று கஜந்தி கேட்டாள். வாகனம் ஓட்டுகிறவர் எங்களைக் கூடாரங்களுக்குள் போகச் சொன்னார். அது சிறுத்தை கூப்பிடுகிற சத்தம். சிறுத்தைக்குக் குரங்கு இறைச்சி பிடிக்கும். குரங்கு இருக்கிற இடத்துக்கு அது வரும்.

நாலாம் நாள் காலையில் விடுதி வாசல் மரத்தின் கவட்டில் ஒரு குரங்கின் உடம்பு தொங்கியது. பாதி இல்லை. ஐந்தாம் நாள் தண்ணீர்த் தொட்டியடியில் ஈர மண்ணில் சிறுத்தையின் அடிகள், என் உள்ளங்கையளவு. கூரையில் குரங்குகளைக் காணவில்லை. எல்லாம் ஒரேயடியாகப் போய்விட்டன. காகங்கள் மட்டும் கல்லைச் சுற்றி நின்றன. நாசெரியன் குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு சமைத்தாள். அவளும் ராசுவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நடப்பதை நான் கவனித்தேன்.

அன்றைக்கு மத்தியானம் ராசு கல்லில் சோறு வைக்கவில்லை. கையில் பிடியோடு குசினிப் படியில் நின்றான், பிறகு அதைத் தன் தட்டிலேயே போட்டுக்கொண்டான். காகங்கள் அவனைப் பார்த்துக் கத்தின.

குரங்கு போய்விட்டால் சிறுத்தையும் போகும் என்று நினைத்திருப்பான். அது போகவில்லை. ஆறாம் நாள் விடிய, சூரியன் தெரிகிற நேரம், ஊர்ப் பக்கமிருந்து ஆட்களின் கூச்சல். லெமையனின் ஆட்டுப்பட்டி விடுதியிலிருந்து கூப்பிடு தூரம். சிறுத்தை முள் வேலியைப் பிரித்து உள்ளே போய் ஏழு ஆட்டைக் கடித்துப்போட்டிருந்தது. லெமையன் ஈட்டியோடு போயிருக்கிறான். அது போய்விட்டது என்று நினைத்துக் குனிந்து உள்ளே நுழைந்திருக்கிறான். போகவில்லை, உள்ளே இருந்தது.

ராசு ஓடிப்போனான். முப்பது வருடம் ஆஸ்பத்திரியில் நின்றவன். எங்கே அமத்தினால் இரத்தம் நிற்கும் என்று தெரியும். விடுதி வாகனத்தின் பின்சீற்றில் லெமையனைக் கிடத்தி, தன்னுடைய சட்டையால் கையைக் கட்டி, மூன்று மணித்தியாலம் அமத்திப் பிடித்தபடி நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். அடுத்த நாள் பின்னேரம்தான் திரும்பி வந்தான். உயிர் தப்பிவிட்டது, வலது கையை முழங்கைக்குக் கீழே எடுக்கவேண்டி வரும் என்றான். 

அதற்குள் ஊர்ப் பொடியன்கள் குசினிக்குப் பின்னால் அந்தக் கல்லைக் கண்டுவிட்டார்கள். எண்ணெய்ப் பிசுக்கு, காய்ந்த பருக்கை, எச்சம். யார் வைத்தது என்று நாசெரியனைக் கேட்டிருக்கிறார்கள். அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாளாம், வாய் திறக்கவில்லை. விடியக் கூட்டம், மூத்தவர்கள் மரத்தடியில் கூடுவார்கள் என்று சொல்லியனுப்பினார்கள். காணியைத் துண்டு போடவேண்டும் என்று நிற்கிறவர்களுக்கு வாய்ப்பாகப் போய்விட்டது. எங்கள் ஊர்ப் பெண்ணே, எங்கள் விடுதியில் சம்பளம் வாங்குகிறவளே விதியை மீறினால், அந்த விதியும் எதற்கு, அந்த ஒப்பந்தமும் எதற்கு என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

ராசு என்னுடைய கூடாரத்து வாசலில் வந்து இருந்தான். வெளிச்சம் இன்னும் இருந்தது. அவனுடைய காற்சட்டையில் லெமையனின் இரத்தம் காய்ந்து கறுத்திருந்தது.

"சின்னம்மா, அம்மாவுக்கு வைச்சது."

"தெரியும். கண்டனான்."

"கண்டனீங்களோ? ஏன் சொல்லேல்லை?"

 அதற்கு நான் சொன்னதை மறைக்காமல் எழுதுகிறேன். "வாயை மூடிக்கொண்டு இரு ராசு. மூண்டு நாளில பிளேன். நீ சொன்னால் உன்னை இந்த மண்ணில கால் வைக்க விடமாட்டினம்."

"சொல்லாட்டி அந்தப் பிள்ளையைத்தான் துரத்துவினம். பேந்து கைநாட்டும் இல்லை. லெமையன் எழும்பி வரேக்க என்ன இருக்கும்?"

"அவள் வேற வேலை தேடுவாள்."

அவன் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். கோபம் இல்லை. யாரோ தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல இருந்தது. எழும்பிப் போய்விட்டான்.

கூட்டத்துக்கு எங்களையும் வரச் சொன்னார்கள். தள்ளி இருந்தோம். மூத்தவர்கள் சின்ன முக்காலிகளில் இருந்தார்கள். கதைக்கிறவர் எழும்பி நின்று, கையில் தடியோடு கதைப்பார். முடியும் வரை ஒருவரும் குறுக்கே கதைப்பதில்லை. முதலில் ஒருவர் கனநேரம் கதைத்தார். பாசை தெரியாவிட்டாலும், வேலி என்று சொல்லும்போது அவருடைய கை காற்றில் கோடு கிழித்தது எனக்கு விளங்கியது. பல தலைகள் ஆடின. நாசெரியன் ஒரு பக்கத்தில் நின்றாள், இடுப்பில் கடைசிப் பிள்ளை. பிறகு நடு வயதுக்காரர் ஒருவர் எழும்பி அவளைப் பார்த்து ஏதோ கேட்டார். அவள் பேசவில்லை. திரும்பக் கேட்டார். பேசவில்லை.

ராசு எழும்பினான். கஜந்தி அவனுடைய சட்டையைப் பிடித்து இழுத்தாள். "இஞ்சாருங்கோ, இருங்கோ" என்றாள். அவன் அவளுடைய கையை மெதுவாக எடுத்து விட்டான். நடந்து நடுவுக்குப் போனான். தடி இல்லாமல் கதைக்கக்கூடாது போல. ஒரு கிழவர் தன்னுடைய தடியை நீட்டினார். பிடித்துக்கொண்டு, நைரோபியில் பொறுக்கிய சுவாகிலியில் சொன்னான். ஐந்து நிமிடமும் இல்லை. கல்லைக் காட்டினான், தன் நெஞ்சைத் தொட்டான். இந்தப் பெண் நான் கேட்டதைச் செய்தாள், அவளுடைய ஊரின் விதியை அவள் மீறவில்லை, நான்தான் மீறினேன், என்னுடைய ஆட்களுக்கு வாசித்துக் கொடுத்த விதியை நானே மீறினேன் என்று சொன்னதாகப் பிறகு எனக்குச் சொன்னான்.

  காற்று முள்மரத்துக்குள்ளால் போனது. வெள்ளை நெஞ்சுக் காகம் ஒன்று எங்களுக்கு மேலே பறந்துபோய் விடுதிப் பக்கம் இறங்கியது. எல்லோரும் அது இறங்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தடி கொடுத்த கிழவர் எழும்பினார். அவர்தான் அங்கே மூத்தவர். அவர் சொன்னதையும் ராசுதான் பிறகு தமிழில் சொன்னான். இந்த ஆள் லெமையனின் நண்பன் என்பதால் அடியோ பழியோ இல்லை என்றார். செத்த ஆட்டுக்கு ஆடு கொடுக்கவேண்டும். தாயை நினைக்கிறவனை நாங்கள் கெட்டவன் என்று சொல்லமாட்டோம் என்றார். ஆனால் இவன் தன்னுடைய செத்தவர்களை எங்களுடைய இடத்துக்குக் கூட்டி வந்துவிட்டான், கேட்காமல் கூட்டி வந்தான், அவர்களுக்குப் பின்னால் வந்தது எங்களுடைய ஆளின் கையைத் தின்றது. இவனும் இவன் கூட்டி வருகிற ஆட்களும் இனி இங்கே வரக்கூடாது. பெண் வேலையில் இருக்கட்டும். பிழை வெளியிலிருந்து வந்தது, வெளியிலே போகட்டும். எங்களுடைய ஒப்பந்தத்தில் பிழை இல்லை. இவ்வளவும் சொல்லிவிட்டு அவர் ராசுவிடமிருந்து தடியைத் திருப்பி வாங்கினார்.

அன்றைக்கே வாகனத்தில் ஏற்றினார்கள். பேரின்பநாதன் விமான நிலையம் வரைக்கும் ஒரு பகிடியும் விடவில்லை. நகரத்து ஆஸ்பத்திரி வாசலில் வாகனத்தை நிறுத்தச் சொல்லி ராசு இறங்கிப்போனான். பத்து நிமிடத்தில் வந்தான். லெமையன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு கிடந்தானாம். நித்திரையா, நித்திரை இல்லையா தெரியாது என்றான்.

ஐப்பசியில் நாசெரியனின் செய்தி போனில் வந்தது. முக்கால்வாசிக் குடும்பம் கைநாட்டு வைத்துவிட்டதாம். லெமையன் இடது கைப் பெருவிரலால் வைத்தானாம். அந்தக் கல்லைப் பொடியன்கள் தோண்டி எடுத்து ஆற்றில் போட்டுவிட்டார்கள். சிறுத்தைக்குப் பொறி வைத்துப் பார்த்தார்கள், பிடிபடவில்லை. மாதத்தில் இரண்டு தரம், மூன்று தரம், பொழுதுபடும்போது குசினிக்குப் பின்னால் மரம் அறுக்கிற சத்தம் கேட்கிறதாம். அதனால் நாசெரியன் இப்போது சூரியன் சாய முன்பே சமைத்து முடித்துவிடுகிறாளாம்.

ராசு லெமையனுக்குப் போன் எடுத்துப் பார்த்தான். முதல் மாதம் ஒவ்வொரு ஞாயிறும். மணி அடிக்கும், ஒருவரும் எடுப்பதில்லை. ஒருநாள் யாரோ எடுத்தார்கள். மூச்சுச் சத்தம் கேட்டது, பின்னால் ஆட்டு மணி கேட்டது, பிறகு வைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு ராசு எடுக்கவில்லை.

மசாய் நாட்டுக்குப் போக விரும்புகிற சனம் இன்னும் அவனைத் தேடி வருகிறது. வேறொரு ஆளின் பெயரையும் நம்பரையும் கொடுத்துவிட்டு, போகிறவர்களை இருத்தி வைத்து விதிகளை வாசித்துக் காட்டுவான். கடைசி விதிக்கு வரும்போது, காகத்துக்கு வைக்கிறதும் சாப்பாடுதான் என்று சொல்லுவான். ஏன் என்று கேட்டால் சொல்லமாட்டான். என்னோடு கதைப்பான், நல்லநாள் பெருநாளுக்கு வருவான், சின்னம்மா என்று கூப்பிடுவான். கூடாரத்து வாசலில் நான் சொன்னதை ஒருநாளும் எடுக்கவில்லை.

போன பங்குனியில் ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டான். கோட்-டெ-நெய்ஜ் வீட்டையும் கொடுத்துவிட்டார்கள். இப்போது ஞானேந்திரன் ரொக்ஸ்பரோவில், மகள் நிரோஜாவின் வீட்டுக் கீழ்த்தளத்தில், கஜந்தியோடு இருக்கிறான்.